மின்கம்பி முடியும் இடத்தில்: மின்சார ரயிலும் டீசல் ரயிலும் கைகோத்த கதை

ஒரு நாட்டின் ரயில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் தண்டவாளம் முடியும் இடங்கள் கண்ணில் படும். கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ கோடு நின்றுவிடும். எளிதில் கண்ணில் படாத இன்னொரு முடிவும் உண்டு. தண்டவாளம் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க, அதன் தலைக்கு மேல் வந்த மின்கம்பி மட்டும் ஏதோ ஒரு நிலையத்தோடு நின்றுவிடும். அந்நிலையம் வரை நகரத்து மின்சார ரயில் வரும். அதற்கப்பால் டீசல் வண்டிதான். நகரத்தின் வேகம் எந்த ஊரோடு நிற்கிறது என்பதை இந்த எல்லை சொல்லிவிடும். எனினும் அரசியல் வரைபடங்களில் இதற்கு இடமில்லை.

இவ்வெல்லைக்கு அப்பால் வாழ்பவர், நகருக்கு வர வேண்டுமானால் பெரும்பாலும் இங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். மூட்டையும் குழந்தையுமாக வருபவருக்கும், முழங்கால் வலியுடைய முதியவருக்கும், முழங்கால் ஆழம் பனி பெய்யும் நாட்டில் வாழ்பவருக்கும் அது சிறிய செயலன்று. அவர்களை இறக்காமலே நகருக்கு அழைத்து வர முடியுமா என்ற கேள்விக்கு 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓரிரு நாடுகள் ஒரு விசித்திரமான விடை கண்டன. டீசல் ரயிலையும் மின்சார ரயிலையும் ஒன்றோடொன்று கோத்து, இரண்டும் தத்தம் ஆற்றலால் இழுக்க, ஒரே ஓட்டுநரின் கையில் ஒரே வண்டியாக ஓட்டுவதே அவ்விடை. கேட்பதற்கு எளிது. செய்வதற்கு மிகக் கடினம். இக்கட்டுரையில் அவ்வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

எல்லையைக் கடக்கும் நான்கு வழிகள்

மின்கம்பி முடியும் இடத்தைக் கடக்க ரயில்வேக்களுக்கு நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, பயணியை இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவது. ரயில்வேக்கு இதில் செலவு குறைவு. சிரமம் முழுவதும் பயணியின் தலையில் விழும்.

இரண்டாவது, பயணியை இருக்கையிலேயே அமர்த்திவிட்டு என்ஜினை மாற்றுவது. மின்சார என்ஜின் கழன்றுகொள்ள, டீசல் என்ஜின் வந்து சேரும். நம் நாட்டு நெடுந்தூர ரயில்களில் நாம் நன்கு அறிந்த காட்சி இது. இவ்வழியை மிக நேர்த்தியாகக் கையாண்டவர்களுள் இங்கிலாந்தின் தெற்குப் பகுதி ரயில்வேயினரைச் சொல்லலாம். 1967-இல் லண்டன் வாட்டர்லூவிலிருந்து போர்ன்மத் வரை மூன்றாம் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் வந்தது. அங்கிருந்து வேமத் வரை வரவில்லை. எனவே ஆற்றல் மிக்க மின்சாரத் தொடர் ஒன்று, மோட்டார் இல்லாத பெட்டித் தொடர்களைப் பின்னிருந்து தள்ளிக்கொண்டு போர்ன்மத் வரை போகும். அங்கே அது தங்கிவிட, முன்னே வந்து சேரும் டீசல் என்ஜின் அப்பெட்டிகளை வேமத்துக்கு இழுத்துச் செல்லும். திரும்பும்போது டீசல் என்ஜின் பின்னிருந்து தள்ளும். இதற்கென மாற்றியமைக்கப்பட்ட டீசல் என்ஜின்களில் மின்சாரத் தொடர்களில் உள்ள அதே 27 கம்பிக் கட்டுப்பாட்டு இணைப்பைப் பொருத்தியிருந்தனர். டீசலும் மின்சாரமும் ஒரே கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளலாம் என்பது அங்கேயே தெளிவாயிற்று. 1988-இல் வேமத் வரை மின்சாரம் வந்ததும் அந்த ஏற்பாட்டின் தேவை முடிந்தது.

மூன்றாவது வழி, டீசல் தொடரை மின்சார ரயிலின் வாலில் கட்டி, அதன் ஆற்றலைப் பயன்படுத்தாமல் வெறும் சுமையாக இழுத்துச் செல்வது. இதில் மின்சார ரயில் களைத்துப்போகும். வேகம் குறையும். முன்னும் பின்னும் வரும் ரயில்களின் கால அட்டவணை குலையும்.

நான்காவது வழிதான் நமது பொருள். இரண்டும் இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் புறப்பட வேண்டும். ஒரே கணத்தில் நிற்கவும் வேண்டும். ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் ‘ஒத்திசைவு ஓட்டம்’ என்று பொருள்படும்.

ஒரே நுகத்தில் எருதும் எருமையும்

இதில் என்ன கடினம் என்று கேட்கலாம். ஒரே நுகத்தில் எருதையும் எருமையையும் பூட்டி உழுத குடியானவரைக் கேட்டால் விடை சொல்லிவிடுவார். இரண்டும் வலிமை உடையவைதாம். நடை வேறு. ஒன்று முன்னே இழுக்கும்போது மற்றொன்று தயங்கினால் நுகம் கோணும், ஏர்க்கால் முறியும்.

மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே தன் முழு இழுவிசையைத் தரக்கூடியது. கட்டளை வந்ததும் உடனே இழுக்கும். டீசல் என்ஜினின் இயல்பு வேறு. முதலில் என்ஜினின் சுழற்சி வேகம் ஏற வேண்டும். பிறகு அந்தச் சுழற்சி சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜப்பானிய டீசல் ரயில்களில் பெரும்பாலும் இடையில் எண்ணெய் நிரம்பிய ஒரு சுழல்கலம் இருக்கும். புறப்படும்போது எண்ணெயின் ஓட்டமே ஆற்றலைக் கடத்தும். வேகம் கூடிய பின் கியர்கள் நேரடியாகப் பற்றிக்கொள்ளும். கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் இழுவிசை தளரும். அதே கணத்தில் மின்சாரப் பாதி விடாது இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள கொக்கி அதிரும். நின்றுகொண்டிருக்கும் பயணி தள்ளாடுவார்.

பிரேக்கிலும் இதே சிக்கல்தான். மின்சார ரயில் தன் மோட்டாரையே தடையாக மாற்றி வேகத்தைக் குறைக்க வல்லது. டீசல் ரயிலுக்கு அந்த வசதி இல்லை. காற்றழுத்த பிரேக்கையும் என்ஜினின் தடையையும் நம்பி நிற்க வேண்டும். ஒரு பாதி முன்னதாக நின்று மறுபாதி பின்னாலிருந்து முட்டினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இதைப் புணர்ச்சியாகச் சொன்னால் எளிதில் விளங்கும். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது சில இடங்களில் மாற்றம் ஏதும் தெரிவதில்லை; அதை இயல்பு புணர்ச்சி என்கிறோம். சில இடங்களில் ஓர் எழுத்துத் தோன்றும், திரியும் அல்லது கெடும். செயலற்ற டீசல் பெட்டியை இழுத்துச் செல்வது கெடுதல் போன்றது. இரண்டில் ஒன்று தன் ஒலியை இழந்துவிடுகிறது. ஒத்திசைவு ஓட்டமோ நடைமேடையில் நிற்பவருக்கு இயல்பு புணர்ச்சியாகவே தோன்றும். இரண்டு ரயில்கள் சேர்ந்து ஓடுகின்றன, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஓயாத திரிதல் நடந்துகொண்டிருக்கும். ஓட்டுநரின் கைப்பிடி இட்ட ஒரு கட்டளையை மின்சாரப் பாதி தன் மொழியிலும் டீசல் பாதி தன் மொழியிலும் கணந்தோறும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்.

ஒல்லாந்துக் கிராமத்துக்கு ஒரு ரயில்

ஜப்பானின் தென்மேற்குத் தீவான கியூஷுவில் இதற்கான முன்னோடி முயற்சி நடந்தது. 1987 ஏப்ரல் 1 அன்று ஜப்பானிய தேசிய ரயில்வே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கியூஷுவின் பங்குக்கு வந்த ஜே.ஆர். கியூஷு நிறுவனத்துக்கு வருமானம் தரும் தடங்கள் குறைவு. பயணிகளைத் தேடிப் பிடித்தாக வேண்டிய நிலை. அவ்வேளையில் நாகசாகி மாவட்டத்தில் ‘ஒல்லாந்துக் கிராமம்’ என்ற பொழுதுபோக்கு நகர் கூட்டத்தை ஈர்த்துக்கொண்டிருந்தது.

நாகசாகிக்கும் ஒல்லாந்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். 1641 முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஜப்பானில் தங்கி வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவுக்குள் அவர்கள் அடைபட்டிருந்தனர். 1658-இல் நம் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் அங்கும் கடை விரித்திருந்தது. அந்நினைவை மூலதனமாக்கியே அப்பொழுதுபோக்கு நகர் எழுந்தது.

அங்கே செல்லும் பயணிகளுக்காக 1988-இல் ஜே.ஆர். கியூஷு நான்கு பெட்டிகள் கொண்ட ஒரே ஒரு டீசல் தொடரைக் கட்டியது. ‘கிஹா 183’ வரிசையில் 1000 என்ற எண்ணிக்கையில் தொடங்கும் பெட்டிகள் அவை. ஓட்டுநரின் அறையை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டு, வண்டியின் முகப்பு முழுவதையும் பயணிகள் பாதையைப் பார்த்து வரும் இருக்கைகளாக்கினர்.

‘கிஹா’ என்ற பெயரைப் பற்றி இங்கு ஒரு சொல். ‘கி’ என்பது டீசல் ரயில் வண்டியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் முதலெழுத்து. ‘ஹா’ என்பது வகுப்பைக் குறிப்பது. ஜப்பானியரின் பழைய அகரவரிசை, எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு முறையே வருமாறு அமைந்த பழம்பாடல் ஒன்றிலிருந்து வந்தது. அது இ, ரோ, ஹா எனத் தொடங்கும். முதல் வகுப்புக்கு ‘இ’, இரண்டாம் வகுப்புக்கு ‘ரோ’, மூன்றாம் வகுப்புக்கு ‘ஹா’ என ரயில்வே அதை எடுத்துக்கொண்டது. வகுப்பு முறை மாறிய பின்னும் சாதாரணப் பெட்டிக்கு ‘ஹா’ நிலைத்துவிட்டது. ஒரு பழம்பாடலின் மூன்றாம் எழுத்து இன்றும் ரயில் பெட்டிகளின் நெற்றியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த டீசல் தொடரின் சிறப்பு அதன் முகப்பு மட்டுமன்று. ககோஷிமா பிரதான தடம் கியூஷுவின் உயிர்நாடி. அதில் ரயில்கள் நெருக்கமாக ஓடும். புதிதாக ஒரு விரைவு ரயிலுக்கு இடம் தேடுவது எளிதன்று. ‘ஆரியாகே’ என்ற மின்சார விரைவு ரயிலோடு இந்த டீசல் தொடரைக் கோத்துவிட்டால் இரண்டு ரயில்களுக்கு ஒரு ரயிலின் இடம் போதும். 1980-களின் இறுதியில் அவ்வாறே கோத்து, இரண்டின் ஆற்றலையும் இணைத்து ஓட்டினர். ஆரியாகேயில் ஓடிய 485 வரிசை 1960-களின் வடிவமைப்பு. பழைய மின்சார ரயிலும் புதிய டீசல் ரயிலும் ஒரே ஓட்டுநருக்குக் கட்டுப்பட்டு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திற்கு உரிய தடத்தில் சேர்ந்து ஓடியது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி.

அது நீடிக்கவில்லை. 1992 மார்ச்சில் ஹுய்ஸ் டென் போஷ் என்ற மிகப் பெரிய புதிய ஒல்லாந்து நகர் திறக்கப்பட்டபோது, ஒமுரா தடத்தில் அதன் வாசல் நிலையம் வரை மின்கம்பி நீட்டப்பட்டது. மின்சார விரைவு ரயிலே வாசலில் போய் நின்றது. டீசல் தொடரின் தேவை அங்கே முடிந்து, அது வேறு தடங்களுக்குப் போயிற்று. பலமுறை பெயரும் வண்ணமும் மாறி, 2011 முதல் ‘அஸோ பாய்’ என்ற பெயரில் அஸோ எரிமலை வட்டாரத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடத் தொடங்கியது.

ரப்பர் மூக்கு ரயில்கள்

ஜப்பானில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பூமியின் மறுபுறம் டென்மார்க் தனக்கே உரிய காரணத்தால் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. டென்மார்க் தீவுகளின் நாடு. தலைநகர் கோபன்ஹேகன் கிழக்கே ஒரு தீவில் இருக்க, நாட்டின் பெரும்பகுதியான ஜட்லாந்து மேற்கே தீபகற்பமாக நிற்கிறது. இடையிலுள்ள பெரும் பெல்ட் நீரிணையை 1997 வரை ரயில்கள் கப்பலில் ஏறித்தான் கடந்தன. ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் கோப்பது அந்நாட்டுக்குத் தினசரி வேலை. 1935-இல் ஓடத் தொடங்கிய ‘மின்னல் ரயில்’ எனப்பட்ட டீசல் தொடர்கள் முதல், கப்பலுக்குள் அடங்கும் அளவே அந்நாட்டு விரைவு ரயில்களின் அளவாக இருந்தது.

அம்மரபில் 1990 வாக்கில் ராண்டர்ஸ் நகரத் தொழிற்சாலையிலிருந்து ஐ.சி.3 என்ற டீசல் தொடர் வந்தது. மூன்று பெட்டிகள், நான்கு என்ஜின்கள், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம். இதன் முகம் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். முகப்பைச் சுற்றித் தடித்த கறுப்பு ரப்பர் வளையம். இரண்டு தொடர்கள் முட்டிச் சேர்ந்ததும் ரப்பர் வளையங்கள் ஒன்றையொன்று அழுத்தி மூடிக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர் அறைகளில் ஓட்டுநரின் மேசையும் இருக்கையும் கதவு போல ஒருபுறம் திரும்பிவிட, ஓட்டுநர் அறையே பயணிகள் நடந்து செல்லும் வழியாகிவிடும். டென்மார்க் மக்கள் இதை ‘ரப்பர் மூக்கு’ என்று அழைத்தனர்.

அதே 1990-களில் அதே தொழிற்சாலையில் இதற்கு மின்சாரத் தம்பி ஒன்று பிறந்தது. ஐ.ஆர்.4 என்று பெயர், நான்கு பெட்டிகள், அதே ரப்பர் மூக்கு. அண்ணனோடு கோத்து ஓட முடிவதே தம்பியின் வடிவமைப்பின் அடிப்படை நிபந்தனை. பெரும் பெல்ட்டின் கீழே சுரங்கமும் மேலே பாலமும் அமைந்து 1997-இல் ரயில்கள் கப்பலைக் கைவிட்டன. மின்கம்பி கோபன்ஹேகனிலிருந்து நீரிணையைக் கடந்து ஃபிரெடெரிசியா வரை போய், அங்கிருந்து தெற்கே ஜெர்மானிய எல்லையை எட்டிற்று. வடக்கே ஆர்ஹஸ் செல்லும் முக்கியத் தடத்தில் அது நீண்டகாலம் ஏறவில்லை. டீசல் அண்ணனும் மின்சாரத் தம்பியும் ஒரே வண்டியாகக் கிளம்பி, தடம் பிரியும் இடத்தில் தத்தம் திசைக்குப் போகும் வாய்ப்பை இந்த இணைப்பு தந்தது.

இது எவ்வளவு அரிய சாதனை என்பது பின்னர் வந்த ஒரு தோல்வியால்தான் உலகுக்குப் புரிந்தது. 2000-இல் டென்மார்க் ஐ.சி.4 என்ற 83 டீசல் தொடர்களை இத்தாலிய நிறுவனம் ஒன்றிடம் வாங்க முடிவு செய்தது. 2003 முதல் வந்திருக்க வேண்டியவை. முதல் வண்டி பயணிகளை ஏற்றியபோது 2007 ஆகிவிட்டது. அவற்றைப் பழைய ரப்பர் மூக்கு ரயில்களோடு கோக்க முடியாது. அதைவிட மோசம், ஐ.சி.4 தொடர்கள் இரண்டைத் தம்முள் நம்பகமாகக் கோத்து ஓட்டுவதே பல ஆண்டுகள் தீராத தலைவலியாயிற்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு டீசல் ரயில்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளத் திணறிய அதே தடங்களில், வேறு வேறு ஆற்றலால் ஓடும் அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தனர்.

ஒதாருவுக்கு அப்பால்

இந்த வரலாற்றில் நம் மனத்தை அதிகம் தொடுவது ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் அத்தியாயம். அத்தீவின் முதல் ரயில் 1880-இல் ஒதாரு துறைமுகத்தையும் சப்போரோவையும் இணைத்தே ஓடிற்று. நிலக்கரியாலும் ஹெர்ரிங் மீனாலும் செழித்த ஒதாருவை இலக்கிய வாசகர் வேறொரு காரணத்துக்காகவும் அறிவர். ‘கானிகோசென்’ என்ற நண்டுக் கப்பல் நாவலை 1929-இல் எழுதி, 1933-இல் காவல்துறையின் பிடியில் உயிரிழந்த கொபயாஷி தகிஜி வளர்ந்ததும் வங்கி ஊழியராய் வேலை பார்த்ததும் அவ்வூரில்தான்.

1968-இல் சப்போரோ வழியாக ஒதாருவுக்கு மின்கம்பி வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஒதாருவுக்கு மேற்கே யோயிச்சி, குட்சான், நிசெகோ வழியாக ஒஷமாம்பே வரை 140.2 கிலோமீட்டர் நீளும் தடம் மலைகளை ஏறி இறங்குவது. ‘மலைத்தடம்’ என்றே மக்கள் அதை அழைக்கின்றனர். தெற்கே கடலோரமாகச் செல்லும் மற்றொரு தடம் சமதளமானது என்பதால் நெடுந்தூர ரயில்கள் அங்கே போய்விட்டன. மலைத்தடத்துக்கு எஞ்சியவர்கள் உள்ளூர் மக்கள்: பள்ளிப் பிள்ளைகள், சப்போரோவில் வேலை பார்ப்பவர்கள், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர்கள்.

ஒதாருவிலிருந்து சப்போரோ 33.8 கிலோமீட்டர். காலை நேரத்தில் அத்தடம் நிரம்பி வழியும். மெதுவாகப் புறப்படும் பழைய டீசல் வண்டி ஒன்று நடுவே புகுந்தால் பின்னால் வரும் மின்சார ரயில்கள் எல்லாம் தாமதமாகும். மலைத்தடத்து மக்களை நேராகச் சப்போரோவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அவர்களது டீசல் வண்டி, மின்சார ரயிலின் நடையைக் கற்றுக்கொண்டே தீர வேண்டும்.

ஜே.ஆர். ஹொக்கைடோ இதற்கென இரட்டையரைப் பெற்றெடுத்தது. 1996 டிசம்பரில் 731 வரிசை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1997 மார்ச்சில் கிஹா 201 வரிசை டீசல் ரயில் வந்தது. இரண்டும் மும்மூன்று பெட்டிகள். இரண்டுக்கும் ஒரே துருப்பிடிக்காத எஃகு உடல், ஒரே முகம். பனிக்காலக் குளிர் உள்ளே புகாதிருக்கக் கதவருகே காற்றுத் திரை. கூரையில் மின்சாரம் பற்றும் கைகள் இருக்கின்றனவா என்று பார்த்தால்தான் எது எதுவெனத் தெரியும்.

தோற்றத்தை ஒன்றாக்குவது எளிது. நடையை ஒன்றாக்கக் கொடுத்த விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 731-இன் மூன்று பெட்டிகளில் நடுப்பெட்டிக்கு மட்டுமே மோட்டார்கள்: 230 கிலோவாட் வீதம் நான்கு, ஆக 920 கிலோவாட். கிஹா 201-இலோ ஒவ்வொரு பெட்டிக்கும் 450 குதிரைத்திறன் என்ஜின்கள் இரண்டு. மூன்று பெட்டிக்கு ஆறு என்ஜின்கள், 2,700 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 1,985 கிலோவாட். மின்சார மோட்டார் தேவைப்படும்போது தன் அளவுக்கு மேலும் சிறிது நேரம் உழைக்கும். டீசல் என்ஜினுக்குக் குறிக்கப்பட்ட அளவே உச்சவரம்பு, அதிலும் எண்ணெய்ச் சுழல்கலத்தில் ஒரு பகுதி வெப்பமாகக் கரைந்துவிடும். எனவே இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முற்றிலும் நியாயமாகாது. ஆயினும் உண்மை ஒன்று தெளிவு. மின்சாரத் தம்பியோடு தோள் சேர்ந்து நடக்க, டீசல் அண்ணன் தாள் அளவில் இரு மடங்கு வலிமை பெற்றாக வேண்டியிருந்தது.

மலையிலிருந்து வரும் கிஹா 201 ஒதாருவில் 731-உடன் கோக்கப்படும். பின் ஆறு பெட்டிகளும் ஒரே ரயிலாக, கடல் அலை தண்டவாளத்தருகே வந்து மோதும் கரையோரமாகச் சப்போரோவை நோக்கி விரையும். மலைத்தடத்திலிருந்து வருபவர் தம் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. அவருக்கு இதில் எந்த விந்தையும் தெரிந்திருக்காது. வெளியே பனி பொழிய, உள்ளே அவர் உறங்கியிருக்கலாம். அவர் உறக்கம் கலையாதிருப்பதற்காகவே அந்த ஆறு என்ஜின்களும் அவ்வளவு கணிப்புகளும்.

கிஹா 201 நான்கு தொகுதிகளோடு, அதாவது 12 பெட்டிகளோடு நின்றுபோயிற்று. பெட்டிக்கு இரண்டு பெரிய என்ஜின்கள் என்றால் வாங்கும் விலையும் பராமரிக்கும் செலவும் எவ்வளவு என்பதை ஊகிக்கலாம். மக்கள் தொகை குறைந்துவரும் தீவில், இழப்பில் இயங்கும் நிறுவனம் ஒன்று அத்தகைய ரயிலை மேலும் கட்டவில்லை. நாளின் மிகச் சில ஓட்டங்களிலேயே இந்த இணைப்பு நடந்தது.

இரண்டு ஆற்றல், ஓர் உடல்

இந்தக் கலையின் வாழ்நாள் ஏன் குறுகியது என்பதைக் கியூஷுவே மீண்டும் காட்டுகிறது. இரண்டு ரயில்களைக் கோப்பதற்குப் பதிலாக, இரண்டு ஆற்றல்களையும் ஒரே ரயிலுக்குள் வைத்துவிட்டால் என்ன என்று பின்வந்த பொறியாளர்கள் சிந்தித்தனர். 2016-இல் ஜே.ஆர். கியூஷு பேட்டரி ரயில் ஒன்றை ஓட்டத் தொடங்கியது. மின்கம்பி உள்ள இடத்தில் ஓடும்போதே மின்சாரத்தைச் சேமித்துக்கொள்ளும். கம்பி முடிந்ததும் சேமிப்பைச் செலவழித்து ஓடும். இங்கிலாந்தில் 2017 முதல், மின்சாரம் உள்ளவரை மின்சாரத்திலும் அதற்கப்பால் டீசலிலும் ஓடும் விரைவு ரயில்கள் வந்தன. டென்மார்க்கோ மின்கம்பியை நாடெங்கும் நீட்டுவது என்று முடிவெடுத்து, 2021-இல் 100 மின்சார ரயில்களுக்கு ஒப்பந்தம் செய்தது. ரப்பர் மூக்கு அண்ணன் தம்பி இருவரும் அவற்றுக்கு இடம் விட்டு விலக வேண்டியவர்கள்.

ஆக, கியூஷுவில் சுற்றுலா நகரின் வாசலுக்குக் கம்பி நீண்டதால் அந்த இணைப்பு முடிந்தது. டென்மார்க்கில் நாடு முழுவதும் கம்பி நீள்வதால் முடிகிறது. இவை நல்ல முடிவுகள். எல்லை அழிந்துவிட்டால் எல்லையைக் கடக்கும் கருவிக்கு என்ன வேலை?

ஹொக்கைடோவின் கதை மட்டும் வேறு. அங்கே கம்பி நீளவில்லை, தண்டவாளமே சுருங்கப்போகிறது. சப்போரோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் வரும்போது, அதற்கு இணையாக உள்ள பழைய தடத்தின் பொறுப்பிலிருந்து ஜே.ஆர். விலகிக்கொள்ளலாம் என்பது ஜப்பானிய நடைமுறை. அத்தடத்தை ஏற்று நடத்த உள்ளூர் ஆட்சிகளிடம் பணமில்லை. 2022-இல் ஒஷமாம்பே முதல் ஒதாரு வரையான மலைத்தடம் முழுவதையும் கைவிட்டுப் பேருந்து விடுவது என்று தீர்மானித்தனர். நாளொன்றுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் பயணம் செய்யும் யோயிச்சி–ஒதாரு பகுதியும் அதில் அடக்கம். அந்தப் பேருந்துகளை ஓட்டப் போதிய ஓட்டுநர்கள் கிடைப்பார்களா என்பதே பின்னர் பெருங்கேள்வியாக எழுந்தது. ஷின்கான்சென் பணிகளும் தாமதமாகி, சப்போரோ திறப்பு 2038-ஆம் நிதியாண்டின் இறுதிவாக்கில்தான் இருக்கும் என்று 2025-இல் மதிப்பிடப்பட்டது. மலைத்தடம் அதுவரை தன் இறுதித் தேதி அறியாத நோயாளி போல் காத்திருக்க வேண்டியதுதான்.

மலைத்தடத்தை வெறும் இழப்புக் கணக்காகப் பார்ப்போருக்கு ஒரு நிகழ்வை நினைவூட்டலாம். 2000 மார்ச் இறுதியில் உசு எரிமலை வெடித்தது. கடலோரத் தடம் மூடப்பட்டது. தீவின் இரு பாதிகளையும் இணைக்க அப்போது மிஞ்சியிருந்தது இந்த மலைத்தடமே. நெடுந்தூர விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் அன்று குட்சான் வழியாகச் சுற்றிச் சென்றன. அன்று கைகொடுத்த தடத்தை எந்தக் கணக்குப் பேரேட்டில் வரவு வைப்பது?

ரயில் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக வேகத்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே அதன் அளவுகோல். மின்சார ரயிலும் டீசல் ரயிலும் சேர்ந்தோடிய இச்சிறு வரலாற்றுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இங்கே வேகமானது வேகத்தைக் கூட்டிக்கொள்ள முயலவில்லை. மெதுவானதை விட்டுவிட்டுப் போகாதிருக்க வழி தேடியது. மெதுவானதும் சலுகை கேட்கவில்லை. இரு மடங்கு உழைத்து உடன் ஓடியது. கம்பி முடிந்த இடத்துக்கு அப்பாலும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நகருக்கு வரத்தக்கவர்கள் என்று ஒரு ரயில்வே ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்டதற்கு அந்த 12 பெட்டிகள் சான்று. பெட்டிகள் தேய்ந்து பழைய இரும்பாகப் போகலாம். யோயிச்சியில் ரயிலேறும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஏற்பின் இடத்தில் நாளை எதை வைப்பது என்பதற்கு விடை இன்னும் எழுதப்படவில்லை.